வேட்டை ரைபிளுக்கு சீரோ எந்தத் தூரத்தில் வைப்பது? 100 மீட்டரா, 200 மீட்டரா?

சிப்புட்_கிராணி
திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணி. என் அக்கா குடும்பம் நியூசிலாந்து தெற்குத் தீவில் இருக்கிறது, வைமாட்டே என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், அத்தான் அங்கே ஆட்டுப் பண்ணையில் வேலை செய்கிறார். மார்ச் கடைசியில் இரண்டு வாரம் லீவு போட்டு அங்கே போகிறேன். அந்த மாதத்தில்தான் சிவப்பு மான் கத்த ஆரம்பிக்குமாம், அதோடு பண்ணை மேட்டில் வாலபி (கங்காருவில் சின்ன வகை) ஏகப்பட்டது மேய்கிறதாம், புல்லை எல்லாம் தின்று தீர்க்கிறது, வந்து சுடு என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

அத்தானிடம் இருப்பது 308 ரைபிள், 3லிருந்து 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப். அங்கே லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே நின்று நேரடியாகப் பார்த்துக்கொண்டால் என்னைப் போன்றவரும் சுடலாம் என்பது சட்டம், அதையெல்லாம் அவர் விசாரித்து வைத்திருக்கிறார். இந்த முறை ஸ்கோப்பைப் புதிதாக மாற்றியிருக்கிறார், நீ வந்ததும் உன் கையாலேயே சீரோ பிடி (ஒரு தூரத்தில் குறி பார்த்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருத்துவது), அப்போதுதான் உனக்குத் துப்பாக்கி பழகும் என்றார். அங்கேதான் எனக்குக் குழப்பம்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நாலு வருடமாக கிளப்பில் சுடும் சின்ன 22 ரைபிள் மட்டும்தான். அதில் 50 மீட்டரில் சீரோ, 50 மீட்டரில் தாள், யோசிக்க ஒன்றுமே இல்லை. அப்பா இருந்தபோது 12 போர் துப்பாக்கி லைசென்ஸோடு வைத்திருந்தார், புதிதாக நட்ட செம்பனையின் குருத்தைப் பன்றி தோண்டித் தின்ன வரும்போது சுடுவார், அதற்கும் முப்பது நாற்பது மீட்டருக்கு மேல் பேச்சே கிடையாது.

அத்தான் சொல்வது 200 மீட்டர் சீரோ. அவருடைய முதலாளி 100 போதும் என்கிறாராம். நான் படித்த இடத்தில் எல்லாம் 25ல் வை, தானாக 200க்கு வந்துவிடும் என்று வேறு எழுதியிருக்கிறது, அது எப்படி என்றே பிடிபடவில்லை. மேலே போகிற குண்டு எப்படி இரண்டு இடத்தில் குறியைத் தொடும்? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்க முடியுமா? காட்டில் ஒரு மிருகத்தைப் பாதி உயிரோடு ஓடவிட எனக்கு மனசு வராது, அதனால்தான் இவ்வளவு முன்னாலேயே கேட்கிறேன்.


பழைய_ரேஞ்சர்
திங்கள், இரவு 11:05

தம்பி, ராணுவத்தில் ரேஞ்சர் படையில் 21 வருடம் இருந்தவன் நான், இப்போது கோல கங்சாரில் ஓய்வு. ரைபிள் கையில் கொடுத்த முதல் வாரத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் உனக்குச் சொல்கிறேன்.

முதலில் அந்த 25 மீட்டர் விஷயம். ஸ்கோப் குழலுக்கு மேலே ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. உன் கண் பார்க்கும் கோடு நேராகப் போகிறது, குழல் மட்டும் அந்தக் கோட்டை நோக்கிக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. குண்டு வெளியே வந்த கணத்திலிருந்து கீழே விழ ஆரம்பிக்கிறது, ஆனாலும் அந்தச் சாய்வினால் கீழிருந்து வந்து பார்வைக் கோட்டை ஒரு தடவை வெட்டி மேலே ஏறும், கொஞ்ச தூரம் மேலேயே போகும், பிறகு இறங்கி வந்து இரண்டாவது தடவை வெட்டும். அவ்வளவுதான். தோட்டத்தில் பிள்ளைகள் பந்தைத் தூக்கி எறிந்து விளையாடுவதைப் பார்த்திருப்பாய், அதே வளைவுதான், இதில் வளைவு ரொம்ப மெல்லியது. ராணுவத்தில் எம்16 ரைபிளுக்கு 25 மீட்டரில் தாள் வைப்பதும் இந்தக் கணக்கில்தான், கிட்டே ஒரு வெட்டு, தூரத்தில் ஒரு வெட்டு.

ஆனால் ஒன்றை நன்றாக மனதில் வைத்துக்கொள். 25 மீட்டரில் அரை சென்டிமீட்டர் தவறினால் 200 மீட்டரில் அது 4 சென்டிமீட்டராகிவிடும். 25 மீட்டர் தாள் என்பது புது ஸ்கோப் மாட்டியதும் குண்டு தாளிலாவது விழுகிறதா என்று பார்க்க, தோட்டாவை வீணாக்காமல் இருக்க. அதோடு எழுந்து போய்விடாதே. எந்தத் தூரத்தில் சீரோ என்று முடிவு செய்கிறாயோ அந்தத் தூரத்திலேயே தாளை நட்டு, அந்தத் தூரத்திலேயே சுட்டுப் பார்த்தால்தான் சீரோ. எங்கள் சார்ஜன்ட் ஒருவர் லாப்பாங் சாசாரில் (சுடும் பயிற்சித் திடல்) இதற்காக எங்களை வெயிலில் ஓடவிட்டிருக்கிறார், அதற்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

மூன்று குண்டு சுடு, மூன்றும் எங்கே கூடியிருக்கிறது என்று பார், அதன் நடுவை அள. ஒரே ஒரு ஓட்டையைப் பார்த்து ஸ்கோப்பைத் திருப்புகிறவன் நாள் முழுக்கத் திருப்பிக்கொண்டே இருப்பான். முன்கட்டை மணல் மூட்டையில் இருக்கட்டும், குழல் எதன் மேலும் படக்கூடாது. சுட்டுச் சுட்டுக் குழல் கை வைக்க முடியாத சூடாகிவிட்டால் நிறுத்து, ஆறட்டும். வேட்டையில் நீ சுடப்போவது ஆறின குழலில் முதல் குண்டு, அது எங்கே போகிறது என்பதுதான் உனக்கு வேண்டும்.

எங்கள் அப்பா மலாயா அவசரகாலத்தில் தோட்டக் காவலுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவர். அப்போது கொடுத்தது 303 ரைபிளில் குட்டை ரகம், ஜங்கிள் கார்பைன் என்பார்கள். இன்றைக்கு வைத்த சீரோ நாளைக்கு இருக்காது என்று அந்தத் துப்பாக்கிக்கே ஒரு பேர் உண்டு. அப்பா சொல்வார், காவலுக்குப் போகும் முன் அவர்கள் பார்க்கும் முதல் வேலை திருகு இறுக்கமாக இருக்கிறதா என்பதுதானாம். உன் ஸ்கோப்புக்கும் அதையே செய்.


இயற்பியல்_வாத்தியார்
செவ்வாய், காலை 6:15

ஐயா சொன்னது அத்தனையும் சரி. நான் படிவம் 4, 5 மாணவர்களுக்கு இயற்பியல் எடுப்பவன், துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை, ஆனால் கணக்கை மட்டும் போட்டுத் தர முடியும். பசியாறுவதற்கு முன்னால் உட்கார்ந்து போட்டேன்.

308ல் பரவலாக விற்கும் 150 கிரெய்ன் எடைக் குண்டுள்ள தோட்டாவை எடுத்துக்கொள்வோம், குழலை விட்டு வரும்போது வினாடிக்கு ஏறத்தாழ 860 மீட்டர். 100 மீட்டர் போக 0.12 வினாடி, 200 மீட்டர் போக கால் வினாடி. அந்தக் கால் வினாடியில் குண்டு கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் விழுந்துவிடுகிறது, 300 மீட்டர் போய்ச் சேரும்போது 70 சென்டிமீட்டருக்கு மேல். இதைத்தான் ஸ்கோப் ஈடுகட்ட வேண்டும்.

ஸ்கோப் 4 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால்:

100 மீட்டரில் சீரோ வைத்தால் 150ல் 4 சென்டிமீட்டர் கீழே, 200ல் 12 கீழே, 300ல் 42 கீழே.

200 மீட்டரில் சீரோ வைத்தால் 100ல் 6 மேலே, 150ல் 5 மேலே, 250ல் 10 கீழே, 300ல் 25 கீழே. 25 மீட்டரில் பார்வைக் கோட்டுக்கு ஏறத்தாழ சரியாக வரும், நீங்கள் படித்த 25 மீட்டர் கதை இதுதான்.

இரண்டுக்கும் நடுவில் 150 மீட்டரில் வைத்தால் 50ல் 1 மேலே, 100ல் 2.5 மேலே, 200ல் 7 கீழே.

இதில் எது நல்லது என்று எண் சொல்லாது. மிருகத்தின் நெஞ்சில் நுரையீரலும் இருதயமும் இருக்கிற இடம் எவ்வளவு அகலம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். மானுக்கு 15 சென்டிமீட்டர் வட்டம் என்று வைத்தால், 200 மீட்டர் சீரோவில் ஏறக்குறைய 235 மீட்டர் வரைக்கும் நடு நெஞ்சைப் பார்த்துச் சுட்டாலே குண்டு அந்த வட்டத்துக்குள் இருக்கும். மேலே ஏழரை, கீழே ஏழரை, அதைத் தாண்டவில்லை. 100 மீட்டர் சீரோவில் அதே வட்டம் 175 மீட்டரோடு முடிந்துவிடும். அத்தான் 200 என்று சொல்வதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் இது குண்டு துல்லியமாக ஒரே இடத்தில் விழும் என்று வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் கை ஆடுவது, மூச்சு, காற்று எல்லாம் அதே 15 சென்டிமீட்டரைத்தான் தின்னும். தோட்டாவின் எடை மாறினால் இந்த எண்களும் மாறும், ஆகவே இதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கடைசித் தீர்ப்பு தாள்தான்.


சிப்புட்_கிராணி
செவ்வாய், மதியம் 1:10

வாத்தியார் ஐயா, ரேஞ்சர் ஐயா, இருவருக்கும் ரொம்ப நன்றி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று தடவை படித்தேன். வளைவு இப்போது நன்றாகப் புரிந்துவிட்டது.

ஒரு சந்தேகம். வாலபி நம்ம ஊர்ப் பெரிய நாய் அளவுதான் இருக்கும் போலிருக்கிறது, அதன் நெஞ்சு 15 சென்டிமீட்டர் இருக்காதே? இன்னொன்று, கண்ணால் பார்த்துத் தூரம் சொல்வதை இங்கேயே பழகலாமா? எங்கள் தோட்டத்தில் செம்பனை மரத்துக்கு மரம் 9 மீட்டர். அறுவடைப் பாதையில் நின்று பார்த்தால் ஒரே நேர் வரிசை, 11 இடைவெளி என்றால் 99 மீட்டர், 22 என்றால் 198. காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் எடுக்கும் கூட்டம்) போகும்போது மண்டோரோடு (மேற்பார்வையாளர்) சேர்ந்து ஒரு மரத்தைக் காட்டி, அது எத்தனை மீட்டர் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு எண்ணிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.


தெற்குத்தீவு_தமிழன்
செவ்வாய், மாலை 4:50

பிரதர், நான் தெலுக் இந்தான்காரன், இங்கே கேன்டர்பரியில் 14 வருடமாக இருக்கிறேன், வைமாட்டே பக்கமும் போய் வேட்டையாடியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் வாலபியைப் பற்றிக் கேட்டதுதான் இந்தத் திரியிலேயே முக்கியமான கேள்வி. வாலபியின் நெஞ்சு உங்கள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் வரும் அகலம், அவ்வளவுதான். 200 மீட்டர் சீரோ வைத்த ரைபிளில் 100 மீட்டரில் நிற்கிற வாலபியின் நடுவைப் பார்த்துச் சுட்டால் குண்டு 6 சென்டிமீட்டர் மேலே போகிறது, முதுகை உரசிக்கொண்டு போகும் அல்லது முதுகெலும்புக்கு மேல் சதையை மட்டும் கிழிக்கும். வாலபியைப் பெரும்பாலும் நீங்கள் பார்க்கப் போவது 60லிருந்து 120 மீட்டருக்குள், புதர் ஓரத்தில், சாயங்காலம். சரியாக அந்தத் தூரத்தில்தான் 200 சீரோ உச்சத்தில் இருக்கிறது. மானுக்கு வசதியான சீரோ வாலபிக்கு வசதியாக இருக்காது. இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி என்றால் என் கட்சி 150 மீட்டர். 100ல் இரண்டரை மேலே என்பது வாலபிக்கும் பொருட்டில்லை, மானை 200 வரை சுடலாம், அதற்கு மேல் முதல் தடவை வருகிறவர் சுடவே வேண்டாம்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வந்த மூன்றாவது வருடம், நண்பர் ஒருவரின் யூட்டில் (பிக்கப் வண்டி) பின்னால் ரைபிளைப் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் மூன்று மணி நேரம் போனோம். போன மாதம் வைத்த சீரோ அப்படியே இருக்கும் என்று நம்பிவிட்டேன். கடையில் பழைய தோட்டா தீர்ந்துபோய் 165 கிரெய்ன் வாங்கியிருந்தேன், முன்பு வைத்திருந்தது 150. ஒரு பெண் மான், 180 மீட்டர் இருக்கும், பக்கவாட்டில் அசையாமல் நின்றது. சுட்டேன், குனிந்தது, ஓடிவிட்டது. நின்ற இடத்தில் போய்ப் பார்த்தால் புல்லில் மயிரும் கொஞ்சம் பச்சையாய் ஈரமும் இருந்தது. பச்சை என்றால் குடலில் பட்டிருக்கிறது. இருட்டும் வரைக்கும் தேடினோம், மறுநாள் விடிந்ததிலிருந்து மதியம் வரைக்கும் தேடினோம். கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்கோப்பைக் கையில் பிடித்து அசைத்துப் பார்த்தேன், முன் வளையத்துத் திருகு ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. அந்த மானை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு திருகையும் இறுக்கியதும் திருகுக்கும் வளையத்துக்கும் சேர்த்து என் மனைவியின் நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு போட்டுவிடுவேன். திருகு துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். வண்டியில் போய் இறங்கியதும் மிருகத்தைத் தேடிப் போகும் முன் ஒரு அட்டைப் பெட்டியில் ஒரு குண்டு சுட்டுப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. ஒரே ரகம், ஒரே எடை, முடிந்தால் ஒரே லாட் (ஒரே தடவையில் தயாரான) தோட்டாவாக இரண்டு மூன்று பெட்டி அத்தானை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னும் சில. அவர் சொல்லும் 200, மீட்டரா கெஜமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், 200 கெஜம் என்றால் 183 மீட்டர்தான். ஸ்கோப்பின் திருகு கிளிக்குக் கால் எம்.ஓ.ஏ. (ஒரு சின்னக் கோண அளவு) நகர்த்துவது என்றால் 100 மீட்டரில் ஒரு கிளிக் 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 25 மீட்டரில் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. மேட்டுச்சரிவில் 30 டிகிரி ஏற்றத்திலோ இறக்கத்திலோ 200 மீட்டர் என்றால் 173 மீட்டர் என்று நினைத்துச் சுடுங்கள், ஏற்றமானாலும் இறக்கமானாலும் குண்டு மேலேதான் போகும். காற்று சீரோவில் சேர்த்தி இல்லை, தனிக் கதை: இங்கே வடமேற்குக் காற்று கிளம்பினால் மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்றே 200 மீட்டரில் குண்டை 8, 9 சென்டிமீட்டர் தள்ளிவிடும். வீசுகிற நாளில் சீரோ வைக்க வேண்டாம், விடியற்காலையில் போங்கள்.

செம்பனை எண்ணிப் பழகுவது அருமையான யோசனை. ஆனால் இங்கே மரம் இல்லாத வெட்டவெளி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது கிட்டே இருப்பதுபோலவே தெரியும். ரேஞ்ச் பைண்டர் (தூரம் அளக்கும் கருவி) ஒன்று கையில் இருக்கட்டும். அப்புறம், மான் கத்தும் பருவத்தில் மான்போலக் கத்திக்கொண்டு வருவது இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம். சுடப்போவது என்ன என்று துளி சந்தேகம் இல்லாமல் தெரிந்த பிறகுதான் விரல் விசைக்குப் போக வேண்டும், இங்கே பாதுகாப்பு விதிகளில் அதுவும் ஒன்று.


பகாவ்_12போர்
செவ்வாய், இரவு 8:30

நல்ல திரி. குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நம்ம ஊருக்கும் ஒரு கேள்வி. என்னிடம் லைசென்ஸ் செனாப்பாங் பத்தா (மடக்கித் தோட்டா போடும் துப்பாக்கி) இருக்கிறது, 12 போர். தோட்டத்துப் பன்றிக்கு எஸ்.ஜி. ரவைதான் (ஒரே தோட்டாவில் பல பெரிய ரவை) போடுகிறேன். ஒற்றைக் குண்டு போட்டால் அதற்கும் இந்தச் சீரோ எல்லாம் வருமா?


பழைய_ரேஞ்சர்
செவ்வாய், இரவு 9:15

வரும். ஒற்றைக் குண்டு கனமானது, மெதுவானது, 50 மீட்டருக்குச் சரியாக வைத்தால் 100ல் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் இறங்கிவிடும். அதனால் 50தான் அதன் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் துப்பாக்கியில் குழல் முனையில் குறி பார்க்கும் குமிழ் மட்டும்தான் இருக்கிறது, திருப்ப ஒன்றுமில்லை, எனவே குண்டு எங்கே போகிறது என்று தாளில் பார்த்து நீங்கள்தான் பழகிக்கொள்ள வேண்டும். எஸ்.ஜி.க்குச் சீரோ என்று எதுவும் இல்லை, பெரிய தாளில் 20, 30, 40 மீட்டரில் சுட்டு ரவை எவ்வளவு பரவுகிறது என்று பாருங்கள், பன்றியின் நெஞ்சளவில் நாலைந்து ரவையாவது விழாத தூரத்தில் சுடாதீர்கள்.

இதையெல்லாம் அனுமதி உள்ள லாப்பாங் சாசாரில்தான் செய்ய வேண்டும், தோட்டத்தில் மரத்தில் தாளைக் கட்டிச் சுடக்கூடாது. உங்கள் லைசென்ஸ் எதற்கு என்று எழுதியிருக்கிறதோ அதற்கு மட்டும்தான். 1960ஆம் வருடத்து ஆயுதச் சட்டமும் 1971ல் வந்த கடும் தண்டனைச் சட்டமும் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கே தெரியும். பன்றிக்கு பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். அதோடு செம்பனை வரிசை நேராக இருப்பதால் குண்டும் தடையில்லாமல் நேராகப் போகும், அந்தக் கோடியில் பழம் வெட்டுகிறவர் நிற்கலாம், லயம் இருக்கலாம். பின்னால் மண்மேடு இல்லாமல் ஒற்றைக் குண்டு சுடவே வேண்டாம்.


சிப்புட்_கிராணி
ஏப்ரல், ஞாயிறு, மாலை 5:20

போய்விட்டு வந்துவிட்டேன். உங்களுக்கெல்லாம் எழுத வேண்டிய கடன் இருக்கிறது.

அத்தானிடம் முதலில் கேட்டது கெஜமா மீட்டரா என்றுதான். அவர் இத்தனை நாள் சொன்னது கெஜம். அங்கே போன மூன்றாம் நாள் விடியற்காலை, பண்ணைக்குப் பின்னால் மண்மேடு உள்ள பள்ளத்தில், பனி இறங்கிக் கை விறைக்கிற குளிரில் தாளை நட்டோம். திருகு ஆறையும் இறுக்கி, அக்காவின் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டேன்.

25 மீட்டரில் முதல் மூன்று குண்டு: 3 சென்டிமீட்டர் இடது, 2 கீழே. வலது பக்கம் 16 கிளிக், மேலே 11 கிளிக். அடுத்த மூன்றும் நடுவில். 100 மீட்டருக்குத் தாளை மாற்றியதும் மூன்று குண்டும் ஒரு தீப்பெட்டி அளவுக்குள் கூடியிருந்தது, ஆனால் ஐந்தரை சென்டிமீட்டர் மேலே. ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தபோதுதான் வாத்தியார் ஐயா போட்ட கணக்கு என் கண் முன்னால் தாளில் இருப்பது தெரிந்தது, உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. குழல் ஆறட்டும் என்று கால் மணி நேரம் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். பிறகு 4 கிளிக் கீழே. 150ல் சரியாக நடு. 200ல் 8 சென்டிமீட்டர் கீழே, கணக்கில் 7.

ஆனால் அந்த 200 மீட்டர் தாள் எனக்கு இன்னொன்றும் காட்டியது. மூட்டை மேல் வைத்துச் சுட்டும் என் மூன்று குண்டும் 11 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவியிருந்தது. புல்லில் படுத்து, முதுகுப்பை மேல் வைத்துச் சுட்டபோது அதையும் தாண்டியது. அன்றே அத்தானிடம் சொல்லிவிட்டேன், 150க்கு மேல் நான் சுடவில்லை என்று.

தூரக் கணக்கில் வேட்டைக்குப் போன முதல் நாள் மோசமாகத் தவறினேன். பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் நின்ற மானைப் பார்த்து 16 மரம், 144 மீட்டர் என்றேன். ரேஞ்ச் பைண்டர் 235 என்றது. தெற்குத்தீவு அண்ணன் முன்கூட்டியே சொல்லாமல் இருந்தால் நான் விசையை இழுத்திருப்பேன், அதன் காலில்தான் பட்டிருக்கும். சமதளமான புல்வெளியில் மட்டும் செம்பனைக் கணக்கு கைகொடுத்தது, நாலாம் நாளிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டருக்குள் சொல்ல முடிந்தது.

வாலபி மூன்று, 70, 85, 110 மீட்டர், மூன்றும் நின்ற இடத்திலேயே விழுந்தன. மான் ஒன்று, கிளை விடாத இளம் கொம்பு, 138 மீட்டர், பக்கவாட்டில். முன்காலுக்குச் சற்றுப் பின்னால் பட்டது, ஏழெட்டு அடி போய் விழுந்துவிட்டது. தோலை உரித்தபோது குண்டு நுழைந்த இடத்தை அளந்தேன், நான் பார்த்த புள்ளிக்கு மூன்று விரல் பின்னால், உயரம் சரி. கொஞ்சம் காற்றும் இருந்தது, என் கையும் இருக்கலாம். அக்கா அதில் ஒரு தொடையை நம்ம ஊர் மசாலா போட்டுப் பிரட்டல் வைத்தாள்.


தெற்குத்தீவு_தமிழன்
ஞாயிறு, இரவு 7:05

படித்து மனசு நிறைந்தது, பிரதர். அந்த 235 மீட்டர் மானை விட்டதற்குத் தனியாக ஒரு வணக்கம். அத்தான் திரும்ப 200க்கே மாற்றிவிட்டாரா?


சிப்புட்_கிராணி
ஞாயிறு, இரவு 7:40

இல்லை அண்ணே, 150லேயே விட்டுவிட்டார். நான் கிளம்புகிற அன்று காலையில் துப்பாக்கிக் கட்டையின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, தோட்டாவின் பேரும் 150 கிரெய்ன் என்பதும் போட்டு, கீழே 50க்கு 1 மேலே, 100க்கு இரண்டரை மேலே, 200க்கு 8 கீழே என்று பேனாவால் எழுதி வைத்தேன். நம் கணக்கில் 7 என்றாலும் அவர் துப்பாக்கியில் 8 விழுந்ததால் 8 என்றே எழுதினேன். நேற்று இரவு போன் செய்தார், புது லாட் தோட்டா வாங்கியிருக்கிறாராம், அடுத்த சனிக்கிழமை திரும்ப தாளில் பார்த்துவிட்டு எண்ணை அனுப்புகிறேன் என்றார்.